அஞ்சலாட்சி குழுவிலிருந்து வெளியேறினார்

அஞ்சலாட்சிக்கு ஐம்பத்திரண்டு வயது. ரெட்டியார்பாளையத்தில் ஒரு குறுக்குத் தெருவில் மாடி வீடு; கல்லூரி விடுதி ஒன்றில் சமையல் வேலை. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவள் வீட்டிலிருந்துதான் கஞ்சி போகும். ஆனால் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்தியது இருதயமேரி. அதே தெருவில் இருந்து, கணவனின் பிரெஞ்சுக் குடியுரிமையால் ஏழு வருடம் முன்பு பிரான்சுக்குப் போனவள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அங்கிருந்தே யாருக்காவது போன் போட்டு வரவழைத்துவிடுவாள். "மேரி இருக்கா, என்னா கவலை" என்பார்கள். இங்கே இல்லாதவளைப் போய் இருக்கிறாள் என்கிறார்களே என்று அஞ்சலாட்சிக்கு வயிறு எரியும்.

கார்த்திகைப் புயலில் தெருவில் இடுப்பளவு வெள்ளம். பதினோரு குடும்பங்கள் அவள் மாடியில் ஏறின. இரண்டு நாள் ஒற்றை அடுப்பில் பொங்கலும் ரசச்சாதமுமாக ஆக்கிப் போட்டாள். மூன்றாம் நாள் காலை, மேரி சொல்லி, வீராம்பட்டினத்திலிருந்து லாரியில் ஒரு படகு வந்தது. பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள்.

மின்சாரம் வந்ததும் அஞ்சலாட்சி தேடித் தேடிப் படித்தாள். "நன்றி மேரி" என்று நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். சோற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. குழுவிலிருந்து வெளியேறினாள்.

யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்று காத்திருந்தாள். நான்கு நாள் எல்லாரும் சேர்ந்து சேறு வாரினார்கள், பேசினார்கள். யாரும் அதைக் கவனிக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் இருதயமேரி கூப்பிட்டாள்.

"ஏன்க்கா வெளிய போயிட்டீங்க?"

கவனித்தவளும் இவள்தானா என்று அஞ்சலாட்சிக்கு இன்னும் எரிந்தது.

"ரெண்டு நாளு ஆக்கிப் போட்டவ நான். பேரு ஒனக்கு."

யாரும் எழுதவில்லை, அதனால் தனக்குத் தெரியாது என்றாள் மேரி. அங்கே எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது, நாளெல்லாம் இந்தக் குழுவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். அஞ்சலாட்சிக்குக் கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக என் தெருவை எடுத்துக்கொள்வாளா என்றும் தோன்றியது.

மேரி அவளை மறுபடி சேர்த்தாள். சேர்த்த கையோடு, அக்கா சோறு போட்டதைப் பற்றி நீளமாக எழுதினாள். அதன் கீழே வரிசையாக இதயங்கள் விழுந்தன.

சாயங்காலம் செல்வாம்பாள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"படிச்சேன்க்கா. மேரி எவ்ளோ அழகா எழுதியிருக்கா பாருங்க."

அஞ்சலாட்சி ஆமாம் என்று சொல்லி, அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். மேரியின் செய்திக்கு மட்டும் இன்றுவரை பதில் போடவில்லை.