முதலாளி ஊசிக்கு வெள்ளிக்கிழமை லீவு

என் நாத்தனாருக்கு ஊசின்னு பேர் வெச்சது யாருன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. ஆளும் ஒல்லி, வாயும் கூர்மை, அதனால அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு. என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி. நான் கல்யாணமாகி வந்த முதல் நாள் என் குழம்பைத் தொட்டு நாக்குல வெச்சுட்டு, "அண்ணி, உப்பு போட்டீங்களா, இல்ல பாத்திரத்துக்குக் காட்டிட்டு எடுத்துட்டீங்களா"ன்னு கேட்டா. அன்னைக்கே எனக்கு அவளைப் பிடிச்சுப் போச்சு.

அவளைப் பத்திச் சொல்லணும்னா என் அண்ணனைப் பத்தியும் சொல்லியாகணும். எனக்கு அதுல இஷ்டம் இல்ல, வேற வழியும் இல்ல. கூடப் பிறந்தவன். ஜன்னல் ஸ்கிரீன் தைக்கிற பட்டறை வெச்சிருக்கான். தகரக் கூரை, ஒரு நீள மேசை, சுவரோரமா வரிசையா மெஷினுங்க. உள்ள போயிட்டு வந்தா தலைமுடி, புருவமெல்லாம் பஞ்சு. ஒருத்தி துணியை வெட்டுவா, அடுத்தவங்க ரெண்டு பக்க ஓரமும் அடிப்பாங்க, மேல வளையம் கோப்பாங்க, கடைசியா ஊசிகிட்ட வரும். அவ மெஷின் கீழ்மடிப்பு போடுற மெஷின். தையல் வெளிப்பக்கம் தெரியாது. அந்த மாதிரி மெஷின் பட்டறையில அது ஒண்ணு தான். மத்த மெஷின் எது நின்னாலும் பக்கத்து மெஷின்ல சமாளிப்பாங்க. இது நின்னா வேன் கிளம்பாது.

ஊசி அங்க ஒழுங்காத் தான் இருந்தா. மாசச் சம்பளம், லீவு, உடம்புக்கு முடியலைன்னா சம்பளம் பிடிக்காத நாள், பின்னால உதவும்னு பிடிக்கிற வைப்பு நிதி, எல்லாம் இருந்துச்சு. அவ புருஷன் லாரி ஓட்டுறவர். வீட்டுல இருக்கிறதை விட ரோட்டுல இருக்கிறது அதிகம். ஒரே பொண்ணு, சின்ன வகுப்பு. பக்கத்துத் தெருவுல பள்ளிக்கூடம். குடும்ப வண்டி ஓடிட்டிருந்துச்சு.

அப்புறம் வந்துச்சு வரி குறைப்பு.

என் அண்ணன் அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்து, நாற்காலியில காலைத் தூக்கி வெச்சுக்கிட்டுச் சொன்னான். மாநில அரசாங்கம் இனிமே தொழில் பண்றவங்க லாபத்துல வரியே வாங்காதாம். மிச்சமாகுற காசுல அவங்க ஆள் சேர்ப்பாங்களாம், அந்த ஆளுங்க கடைக்குப் போவாங்களாம், கடைக்காரன் இன்னும் ரெண்டு ஆள் சேர்ப்பானாம். என் வீட்டுக்காரர் பாவம், நிதானமான மனுஷர். அப்போ பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி செலவுக்கெல்லாம் யாரு தருவாங்கன்னு கேட்டார். வேலை பெருகினா வரி தன்னால பெருகும் மாப்ளேன்னான் அண்ணன். நான் சமையல்கட்டுலேருந்து, குழாயை மூடிட்டுத் தொட்டி ரொம்புறதுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கேன்னேன். பொம்பளைங்களுக்குப் பொருளாதாரம் புரியாதுன்னு சிரிச்சான். வீட்டுச் செலவை மாசக் கடைசி வரைக்கும் இழுத்துப் பிடிக்கிறது பொருளாதாரம் இல்லையாம், வேற ஏதோவாம்.

அந்த வருஷம் அவன் புதுக் கார் வாங்கினான். ஆள் யாரையும் சேர்க்கல. ஏன்னு கேட்டதுக்கு, ஸ்கிரீன் வாங்க ஆள் வந்தா தானே தைக்க ஆள் வேணும்னான். நல்ல பதில். இதை வரி குறைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருஷம் அவனோட கணக்கர் ஒரு யோசனை சொன்னார். தைக்கிற பொம்பளைங்க எதுக்குத் தொழிலாளியா இருக்கணும், ஒவ்வொருத்தியையும் தனித்தனி முதலாளியா ஆக்கிடலாம்னு. முதலாளிக்கு லீவு தர வேண்டாம், வைப்பு நிதி கட்ட வேண்டாம், பீஸுக்கு இவ்வளவுன்னு கொடுத்தா போதும். முதலாளின்னா மெஷின் சொந்தமா இருக்கணுமே? அதுக்கு அவங்கவங்க உட்கார்ற மெஷினை அவங்கவங்களுக்கே வித்து, விலையைக் கூலியில கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சுக்கலாம். யாருக்கும் வேண்டாம்னு சொல்ற வாய்ப்பு இல்ல. சொன்னா வேலை இல்ல.

அதுக்கு ஒரு விழா வேற. மெஷினுக்கெல்லாம் சிவப்பு ரிப்பன் கட்டி, வரியை எடுக்கச் சட்டசபையில கை தூக்கின தொகுதி உறுப்பினரைக் கூப்பிட்டு, ஒவ்வொருத்தி பக்கத்துலயும் நின்னு போட்டோ. என் அண்ணன் மைக்கைப் பிடிச்சு, "இன்னையிலேருந்து இந்த மெஷின் உங்க சொந்தம், நீங்க யாருக்கும் கைகட்டி நிக்க வேண்டாம்"னு பேசினான். தெருவே கேட்டுச்சு. தொகுதி உறுப்பினர் சட்டசபையில போய், ஒரே பட்டறையிலேருந்து இத்தனை புதுத் தொழில் பிறந்திருக்குன்னு கணக்கு காட்டினாராம். அதே பொம்பளைங்க, அதே மெஷின், அதே ஸ்கிரீன்.

அன்னைக்கு சாயங்காலம் ஊசி எங்க வீட்டுக்கு வந்து சோபாவுல சாய்ஞ்சுக்கிட்டு, "அண்ணி, இனிமே என்னை வாங்க போங்கன்னு பேசுங்க. நான் முதலாளி"ன்னா.

"முதலாளியம்மா டீ குடிப்பீங்களா"ன்னு கேட்டேன்.

"என் வேலைக்காரி கொண்டு வரட்டும்"னுட்டு, அவளே எழுந்து போய் அடுப்பைப் பத்த வெச்சா. சிரிச்சுட்டுத் தான் இருந்தா. டீயை வடிகட்டும்போது, "வரி கிடையாதாம் எனக்கு. நான் வாங்குற கூலிக்கு எந்தக் காலத்துல வரி வந்துச்சு"ன்னு முணுமுணுத்தா. அதுக்கப்புறம் சிரிக்கல.

ஊர்ல ஒவ்வொண்ணா கழண்டுக்கிட்டது அதுக்கப்புறம் தான். ரோட்டுல பள்ளம் விழுந்தா மூட ஆள் வரல. ஊசி புருஷனுக்கு ரெண்டு தரம் அச்சு உடைஞ்சு நடுவழியில லாரி நின்னுச்சு. பக்கத்துல இருந்த சுகாதார நிலையத்துல நர்ஸைக் குறைச்சாங்க, அப்புறம் கதவையே பூட்டிட்டாங்க. என் மாமனாருக்குக் கால்ல ஆறாத புண். வாராவாரம் வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறிக் கூட்டிட்டுப் போய்க் கட்டு மாத்தணும். அது என் தலையில. கடைசியா பள்ளிக்கூடம். வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்க முடியல, பள்ளி பஸ்ஸுக்கு டீசல் போட முடியல, அதனால இனிமே வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாதுன்னுட்டாங்க. பிள்ளைங்க வீட்டுல பெத்தவங்களோட தரமா நேரம் செலவு பண்ணலாமாம். சொன்னவர் வீட்டுல சமையலுக்கு ஆள் இருக்கும்.

இப்போ விஷயம் இதான். வெள்ளிக்கிழமை பட்டறைக்கு வேன் வர்ற நாள். ஊசி அன்னைக்கு இருந்தே ஆகணும். பொண்ணை யார் பாத்துக்கிறது? முதல்ல நான் ஆஸ்பத்திரிக்கு என்கூடக் கூட்டிட்டுப் போனேன். ஒரு கையில மாமனார், ஒரு கையில குழந்தை. இருமுறவங்க, வாந்தி எடுக்கிறவங்க நடுவுல தரையில உட்கார்ந்து படம் வரைஞ்சுட்டு இருந்துச்சு. கொஞ்ச நாள்ல அதுவும் காய்ச்சல்ல படுத்துச்சு. இனிமே அங்க வேண்டாம் அண்ணின்னா ஊசி. பக்கத்து வீட்டுல கேட்டோம். அவங்க வீட்டுலயே வெள்ளிக்கிழமை பிள்ளைங்க கும்பல். காசுக்குப் பார்த்துக்கிற இடத்துல கேட்டதை வெளியில சொல்ல முடியாது, ஊசி கூலியை விட அது அதிகம்.

தொழிலாளர் அலுவலகத்துல முறையிடலாம்னு ஒருத்தர் சொன்னார். ஊசி போன் பண்ணினா. முதல்ல பாட்டு, அப்புறம் காத்திருங்க, அப்புறம் மறுபடி பாட்டு. ஒரு வழியா ஒரு அம்மா எடுத்தாங்க. ரொம்பக் களைச்ச குரல். ஊசி எல்லாத்தையும் சொன்னா. அந்தம்மா பொறுமையாக் கேட்டுட்டு, "நீங்க தொழிலாளி இல்லையேம்மா. முதலாளி. முதலாளிங்க புகாரை நாங்க எடுக்கிறதில்ல"ன்னாங்க. அப்புறம், "நானே அடுத்த மாசம் வரைக்கும் தான் இந்த நாற்காலியில இருப்பேன். இங்க மிச்சம் இருக்கிறது நான் ஒருத்தி தான்"னும் சொன்னாங்க. இவ தான் அந்தம்மாவுக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போனை வெச்சா.

அடுத்த வெள்ளிக்கிழமை வேற வழி இல்லாம பொண்ணைப் பட்டறைக்கே கூட்டிட்டுப் போனா. அன்னைக்கு என் வீட்டுக்காரர் அவங்கப்பாவைக் கூட்டிட்டுப் போனதால, குழந்தைக்குச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்க நான் போனேன். நல்லதாப் போச்சு, எல்லாத்தையும் கண்ணால பார்த்தேன்.

குழந்தை மெஷினுக்குக் கீழ துணிமூட்டை மேல உட்கார்ந்திருந்துச்சு. என் அண்ணன் வந்தான். இது பட்டறையா பார்க்கான்னு ஆரம்பிச்சான். ஊசி எழுந்து நின்னு, வியாழக்கிழமை இருட்டுற வரைக்கும் இருந்து தைச்சு முடிச்சுக் கொடுத்துடறேன், வெள்ளிக்கிழமை மட்டும் லீவு கொடுங்கண்ணேன்னு கேட்டா. அவ கெஞ்சி நான் பார்த்ததில்ல. அன்னைக்குக் கிட்டத்தட்ட கெஞ்சினா.

"லீவு கேக்கிறதுக்கு நீ என்ன என்கிட்டயா வேலை பாக்கிற?"ன்னான். "நீ முதலாளி. வந்தா உனக்குக் காசு. வராட்டி நாளைக்கே உன் இடத்துல வேற ஒருத்தி உட்காருவா."

ஊசி குனிஞ்சு பொண்ணு மடியில இருந்த நூலைத் தட்டிவிட்டா. அப்புறம் நிமிர்ந்து, "எதுல உட்காருவா அண்ணே?"ன்னா.

"என்ன?"

"இடம் உங்களுது. மெஷின் என்னுது. வர்றவ தரையில உட்கார்ந்து பல்லால தைப்பாளா?"

பக்கத்து மெஷின்ல யாரோ களுக்குன்னாங்க. அண்ணனும் சிரிச்சான், அதெல்லாம் சும்மா ஒரு ஏற்பாட்டுக்குன்னான். கூலியில பிடிச்சதும் சும்மா ஏற்பாட்டுக்கான்னு கேட்டா ஊசி. கடைசித் தவணையையும் போன மாசமே பிடிச்சு முடிச்சிருந்தான். அவன் முகம் மாறிச்சு. சத்தம் போட ஆரம்பிச்சான். ஊசி அவன் பக்கம் திரும்பவே இல்ல. வாசல்ல போய் நின்னு, புருஷனோட சிநேகிதர் ஒருத்தருக்குப் போன் பண்ணி, லோடு வண்டியைக் கொண்டு வாங்கண்ணேன்னா.

மெஷினைத் தனியாத் தூக்க முடியாது. இரும்பு மேசை, மோட்டார், எல்லாம் ஒண்ணா. யாரும் எழுந்திருக்க மாட்டாங்கன்னு தான் நினைச்சேன். துணி வெட்டுற அக்கா தான் முதல்ல கத்தரியை வெச்சுட்டு வந்து, ஸ்விட்சை அணைச்சு ஒயரைக் கழட்டினா. அப்புறம் எல்லாரும் ஆளுக்கு ஒரு மூலை பிடிச்சாங்க. அண்ணன் கதவுல குறுக்க நின்னுக்கிட்டு என்னைப் பார்த்து, "நாத்தனாருக்காக அண்ணனையே விட்டுக் கொடுக்கிறியா"ன்னு கேட்டான்.

"ஒரு முதலாளிக்குச் சாமான் ஏத்த வந்திருக்கேன்"னேன். "வழியை விடு. மெஷின் கால்ல விழுந்தா எலும்பு மிஞ்சாது. கட்டுப் போட இங்க ஆஸ்பத்திரியும் இல்ல."

விட்டான். அன்னைக்கு வேன் பாதி ஸ்கிரீன் கூட ஏத்தாம போச்சு.

மெஷின் இப்போ ஊசி வீட்டுக் கூடத்துல நிக்குது. கட்டிலை சமையல்கட்டுப் பக்கம் தள்ளிட்டாங்க. அது ஓடினா அலமாரியில டம்ளர் எல்லாம் பேசிக்குது. ரெண்டு நாள் கழிச்சு கணக்கர் வந்தார், செருப்பைக் கழட்டலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு. மெஷினை நல்ல விலைக்குத் திருப்பிக் கேட்டார். தர மாட்டேன்னா. அப்போ துணியை இங்க அனுப்பினா தைச்சுத் தருவியான்னு கேட்டார். தருவேன், பழைய ரேட்டுக்கு இல்லைன்னா. அதுலேருந்து மூட்டை மூட்டையா வருது.

பெரிய வெற்றின்னு நினைச்சுக்காதீங்க. என் அண்ணன் மத்த பொம்பளைங்ககிட்டேருந்து மெஷினையெல்லாம் உடனே தன் பேருக்குத் திருப்பி எழுதி வாங்கிட்டான். பிடிச்ச காசைத் தர்றேன்னு சொல்லியிருக்கானாம். சொல்லியிருக்கான். எங்கேயோ பழைய கீழ்மடிப்பு மெஷினும் தேடிட்டு இருக்கான். அது வந்து சேர்ற அன்னைக்கு இவளுக்கு மூட்டை வராது. அது ஊசிக்கும் தெரியும். வேற பட்டறைங்களுக்குப் போன் பண்ணிப் பார்க்கிறா. எல்லா இடத்துலயும் இருக்கிற முதலாளிங்களே அதிகமாம்.

போன வெள்ளிக்கிழமை மாமனாருக்குக் கட்டு மாத்திட்டு அப்படியே அவ வீட்டுக்குப் போனேன். இவ தைச்சுட்டு இருக்கா. பக்கத்துல பொண்ணு தரையில உட்கார்ந்து, தைச்சு விழுற ஸ்கிரீனை இழுத்து இழுத்து, தொங்குற நூலைக் கத்தரியால வெட்டிட்டு இருக்கு. நல்ல வேகம். என்னைப் பார்த்ததும் பெருமையா, "அத்தை, நான் இத்தனை முடிச்சிருக்கேன்"னுச்சு.

கத்தரியைப் பிடுங்கி அலமாரி மேல வெச்சேன். "சும்மா தானே அண்ணி உட்கார்ந்திருக்கா, நூல் தானே வெட்டுறா"ன்னா ஊசி. சொல்லும்போதே அவ குரல் இறங்கிடுச்சு. இந்த நாளுக்காகத் தான் இவ்வளவு சண்டையும்னு நான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கல. மெஷினை நிறுத்திட்டு, மூட்டையைப் பார்த்தா, பொண்ணைப் பார்த்தா. அப்புறம் கணக்குப் புஸ்தகத்தை எடுத்துட்டு வாடின்னு சொல்லிட்டுத் தரையில உட்கார்ந்தா.

அப்போ போன் அடிச்சுச்சு. அவ எடுக்கல. மறுபடி அடிச்சுச்சு. "அண்ணி, நீங்க எடுத்துச் சொல்லிடுங்க. இன்னைக்குப் பட்டறை லீவு"ன்னா.

எடுத்தேன். என் அண்ணன். மெஷினை ஏத்தின நாளுக்கப்புறம் முதல் தரம் அவன் குரலைக் கேக்கிறேன். நலம் விசாரிக்கல, நானும் விசாரிக்கல. வேன் நிக்குது, மூட்டை எங்கன்னான். சனிக்கிழமை தான் கிடைக்கும், இன்னைக்கு லீவுன்னேன்.

"ஆளாளுக்கு லீவு விட்டா நான் எப்படித் தொழில் பண்றது?"ன்னு கத்தினான்.

"உன் தொகுதி உறுப்பினரைக் கேளு"ன்னேன். "பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டது அவர்."

போனை வெச்சுட்டு, டீ போட உள்ள போனேன்.