முழுக்கைச் சட்டைக்காரர்

காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் திணித்து, முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பித்தானைப் போட்டு, அதற்கு மேல் ஒரு ரப்பர் வளையத்தையும் மாட்டிய பிறகுதான் எஸ்கில் கொல்லைக் கதவைத் திறப்பார். பார்த்தால் போருக்குப் புறப்பட்டவர் போலத் தெரியும். போவதோ தன் வீட்டுப் புல்லை வெட்ட. ஆகஸ்ட் வெயிலில் டென்மார்க் முழுவதும் அரைக்காற்சட்டையில் திரிகிறபோது இவர் மட்டும் கழுத்துவரை மூடிக்கொண்டு வியர்த்து வழிவார். "உள்ள ஒரு பூச்சி பூந்துச்சுன்னா யாரு வந்து எடுப்பா?" என்பது அவர் வாதம்.

எஸ்கில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நாற்பது மீட்டர் உயரத்தில், காற்றில் ஆடுகிற கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தபடி முப்பது டன் கன்டெய்னரை லாரியின் மேல் முட்டை வைப்பதுபோல வைப்பார். உயரமோ புயலோ அவரை ஒன்றும் செய்யாது. அந்த வேலை ஏன் பிடித்திருக்கிறது என்று கேட்டால் கடலைப் பற்றிப் பேச மாட்டார். "அவ்ளோ உசரத்துக்கு ஒரு ஈ கூட வராது" என்பார். ஒரே ஒருமுறை ஒரு குளவி வந்துவிட்டது. அன்று அவர் ஏணியில் இறங்கிய வேகத்தைப் பார்த்து, மேலே தீப்பிடித்துவிட்டதென்று கீழே இருந்தவர்களும் சேர்ந்து ஓடினார்கள்.

வீட்டுக்குள்ளும் காபிக் கோப்பைக்கு மேல் தட்டு இருக்கும். செருப்பை மூன்று முறை தட்டாமல் போட மாட்டார். குளியல் தொட்டியில் சிலந்தி தென்பட்டால் இடுப்பில் துண்டோடு கூடத்துக்கு வந்து, "லோனே! உன் ஆளு வந்திருக்கான்!" என்று கத்துவார். மனைவி லோனே தம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையைச் செருகி, ஆளைப் பத்திரமாக வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மகள் விக்கா மண்புழுவுக்குப் பெயர் வைப்பவள். பிறந்த நாளுக்கு முன்னால் பிள்ளைகள் ஆசைப் பட்டியல் எழுதுவதும், அது அத்தை, மாமா என்று சொந்தமெல்லாம் சுற்றி வருவதும் இங்கே வழக்கம். ஒன்பது வயது நிறையப் போகிறவள் இந்த முறை குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய பட்டியலில் ஐந்து ஆசைகள் இருந்தன. பூதக்கண்ணாடி. ரப்பர் பூட்ஸ். கூடாரம். உப்பு மிட்டாய். ஐந்தாவதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: "அப்பா ஒரு பூச்சியைப் பத்து எண்ணும்வரை பார்க்க வேண்டும். ஓடக் கூடாது."

முதல் நான்கையும் எஸ்கில் ஒரே வாரத்தில் வாங்கிவிட்டார். ஐந்தாவது, காலையில் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "இதுக்கு ஒரு சைக்கிள் கேட்டிருக்கலாம்ல" என்று முனகுவார். மகளிடம் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

பிறந்த நாளன்று விடிந்ததும், இங்கே வழக்கப்படி, அப்பாவும் மகளுமாகக் கொல்லையில் தேசியக் கொடி ஏற்றினார்கள். மதியம் மனித உருவில் செய்த கேக்கின் கழுத்தை விக்கா கத்தியால் அறுக்க, வழக்கப்படி பிள்ளைகள் எல்லாரும் தெருவே அதிர அலறினார்கள். விருந்தாளிகள் போனபோது சூரியன் வேலிக்கு மேல் ஒரு விரற்கடைதான் மிச்சமிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு இங்கர்லீஸ் அம்மாள் கடிகாரத்தோடு தயாராக நின்றாள். சூரியன் மறையும் நேரத்தைச் செய்தித்தாளில் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்குள் தெருவில் யார் கொடியை இறக்கத் தாமதித்தாலும் கதவைத் தட்டுகிறவள் அவள். "எஸ்கில், இன்னும் ஆறு நிமிஷந்தான். பொழுது சாஞ்சும் கொடி பறந்தா சாத்தானுக்குக் கொடி ஏத்தினவன்னு பேராயிரும், சொல்லிட்டேன்!"

"இதோ, இதோ" என்று கம்பத்தருகே போய் எஸ்கில் கயிற்றில் கை வைக்கப் போனார். கம்பத்தில் கயிறு சுற்றிக் கட்டியிருந்த இரும்புக் கொம்பின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த காய்ந்த பட்டைத் துண்டு, மெல்ல இறக்கையை விரித்தது.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அந்துப்பூச்சி. சாம்பல் நிற உடம்பில் இரண்டு பக்கமும் ரோஜா நிறப் பட்டைகள். எஸ்கில் மூன்று எட்டுப் பின்னால் போய், "லோனே! உன் ஆளு!" என்று கத்தினார்.

சமையலறை ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "என் ஆளு இல்ல. உன் மகளோட விருந்தாளி. எனக்குக் கை ஈரமா இருக்கு."

விக்கா கம்பத்தடிக்கு ஓடி வந்தாள். "அப்பா, இது ஆப்பிரிக்காலேந்து வருது. என் பொறந்த நாளுக்கு!"

"அவ்ளோ தூரம் வந்தது, இன்னும் ரெண்டு வீடு தள்ளிப் போயிருக்கலாம்."

விக்கா பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொடி தரையில் படக் கூடாதல்லவா, அதை வாங்கிக்கொள்ளக் கம்பத்தடியில் இரண்டு கைகளையும் ஏந்தி நின்றாள். அந்தக் கைகளைப் பார்த்தார் எஸ்கில். போன மூன்று எட்டும் திரும்பி வந்தார்.

இடது கையைக் கொம்பருகே வைத்தார். பூச்சி யோசித்தது. ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு ரப்பர் வளையத்துக்குக் கீழே, அந்த உடையில் மூடாமல் விட்டிருந்த ஒரே இடமான புறங்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"ஒண்ணு... ரெண்டு... அப்பா, கண்ண மூடினா கணக்கு இல்ல."

எஸ்கில் கண்ணைத் திறந்தார். விக்கா மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். வலது கை கயிற்றை அவிழ்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. கொடி பாதிவழி வந்தபோது பூச்சி கிடுகிடுவென்று நடுங்கத் தொடங்கியது. உதறவும் முடியாது, ஓடவும் முடியாது. கயிற்றை விட்டால் கொடி மண்ணில் விழும்.

"இது ஏன் நடுங்குது? என்னப் பாத்துப் பயமா?" அவர் குரல் கீச்சென்று வந்தது.

"இல்லப்பா. பறக்கறதுக்கு முன்னாடி உடம்பச் சூடு பண்ணிக்குது. ஆறு. ஏழு."

"நானும் நடுங்கறேன், எனக்குச் சூடே ஏறல." ஆனால் கயிற்றைப் பிடித்த கை நடுங்கவில்லை. இருபது வருஷமாகப் பாரம் இறக்கிய கை அது. கொடி ஒரு சீராக வந்து மகளின் கைகளில் மடிந்தது.

"பத்து! அப்பா, பத்து! போதும்!"

"பேசாம எண்ணு" என்றார் எஸ்கில். அவர் கண் பூச்சியை விட்டு நகரவில்லை. "இதுக்கு மூஞ்சி இருக்கு, பாத்தியா. மீசை கூட இருக்கு."

முப்பத்தாறில் அது எழும்பியது. இங்கர்லீஸ் அம்மாளின் வெள்ளைப் புகையிலைப் பூக்களுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, நீளக் குழலை நீட்டித் தேன் குடித்தது. அதற்குள் சூரியன் மறைந்துவிட்டிருந்தது. அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள், கொடியை அணைத்து நிற்கிற பிள்ளையைப் பார்த்தாள். "என் கடிகாரம் கொஞ்சம் வேகமா ஓடுது" என்று சொல்லி அதைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"உள்ள வாங்க, கேக்கோட கால் மிச்சமிருக்கு" என்று லோனே கூப்பிட்டாள்.

எஸ்கில் போகவில்லை. ரப்பர் வளையத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். பித்தானை அவிழ்த்து, சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டு, வேலிக்கு மேலாக, பூக்களுக்குப் பக்கத்தில், வெறுங்கையை நீட்டினார்.