சந்திரன் மேல் போட்ட பழி

மாதத்தில் மூன்று வாரம் என்னைப் போல ஒரு தங்கமான மனுஷியை மயிலாப்பூரில் பார்க்க முடியாது. நானாகச் சொல்லவில்லை, என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர்கள் சொல்வார்கள். நாலாவது வாரம் அதே ஆட்கள் கடை வாசலில் நின்று என் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்புறமா வரேங்க" என்று நழுவிவிடுவார்கள். கை கொஞ்சம் டைட்டாக இருக்கிறது என்று மூன்றாவது தடவையாக வந்த ஓர் அம்மாளின் கண்ணெதிரிலேயே அந்தக் கையைப் பிரித்து மேஜையில் போட்டு, "இப்ப லூசா இருக்கா?" என்று கேட்டவள் நான். லைனிங் துணி வாங்க தி.நகர் போகும்போது ஓர் ஆட்டோக்காரர் பாண்டி பஜார் முனையில் வண்டியை ஓரங்கட்டினார். "ஏறினதுலேர்ந்து திட்டிக்கினே வர்றியே, நான் இன்னா உன் வூட்டுக்காரனாம்மா?" என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

கோபம் மட்டும் என்றால் கொழுப்பு என்று விட்டுவிடலாம். அந்த நாட்களில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே கண்ணீர் கொட்டும். நான் எதற்கும் லாயக்கில்லை, நான் இல்லாமல் இருந்தால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று தோன்றும். சத்தியமாகத் தோன்றும். அப்புறம் பீரியட்ஸ் வந்த மறுநாள், யாரோ சுவிட்சைத் தட்டினாற்போல எல்லாம் தெளிந்துவிடும். பசிக்கும். பாட்டு கேட்கத் தோன்றும். போன வாரம் அழுதது நான்தானா என்று எனக்கே வெட்கமாக இருக்கும்.

இதற்கு என் வீட்டுக்காரர் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். நந்தனத்தில் ஆபீஸ், கணினியில் வேலை, ஆனால் காலையில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பார்க்காமல் காபி இறங்காது. நான் சுவாதி நட்சத்திரம். என் ராசிக்குச் சந்திரன் எட்டில் வருகிற இரண்டே கால் நாள்தான் சந்திராஷ்டமம், அதனால்தான் இவள் இப்படி ஆடுகிறாள் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அநியாயம் என்னவென்றால், அது பொருந்தியது! மூன்று மாதம் தொடர்ந்து பொருந்தியது. சந்திரன் இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது, எனக்கு முப்பது நாள் கணக்கு. மூன்று நாள் மூன்று நாளாக விலகத்தானே செய்யும்? விலகியது. மனுஷன் அசரவில்லை. "இந்த மாசம் புதனும் சரியில்லைம்மா" என்றார். அடுத்த மாதம் சனி மாட்டிக்கொண்டது. வடபழனி முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்து, "இனிமே பாரு" என்றார். பார்த்தோம்.

நானும் அதை நம்பினேன் என்பதுதான் உண்மை. பழியைத் தூக்கிப் போட ஆகாயத்தில் ஓர் ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

எங்களுக்கு ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. அவ்வளவு சாது. கேட்டதற்குப் பதில், போட்டதே சாப்பாடு. "எப்படிங்க இப்படி வளர்த்தீங்க?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். நானும் பெருமையாகச் சிரித்து வைப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் தன் சிநேகிதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"டூர் பாரத்துல சைன் வாங்க முடியாதுடி. அம்மா செவ்வாய்க்கிழமைதான் சரியாவாங்க. கடைசி நாள் திங்கள்தானே? பரவால்ல, நீங்க போய்ட்டு வாங்க."

அழவில்லை, குறைப்பட்டுக்கொள்ளவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள். நான் எடுத்த துணியோடு அப்படியே நின்றேன். என் பெண் சாது இல்லை. என் பெண் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள். இத்தனை நாளாக அதற்குத்தான் எனக்குப் பாராட்டு. உள்ளே போய் அந்தப் பாரத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, பேனாவை நீட்டிவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நின்றாள். சொன்னபடி செவ்வாய்க்கிழமை நான் சரியானேன். காலண்டரைப் பார்த்தால் சந்திராஷ்டமத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

அந்த வாரமே மகளிர் மருத்துவரிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு எல்லாம் சரி என்று சொல்லி, அடையாறில் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அந்த டாக்டரம்மா நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை, ஆமாம் என்று சொன்னதும் பாரம் இறங்கியது. "ரெண்டு மாசம் தினமும் குறிச்சுட்டு வாங்க. மனசு எப்படி, தூக்கம் எப்படி, பீரியட்ஸ் என்னிக்கு. அப்புறம்தான் உறுதியாச் சொல்ல முடியும். நடுவுல அந்த எண்ணம் வந்தா காத்திருக்காதீங்க, உடனே வாங்க" என்றார்.

அன்று சாப்பிடும்போது இதை வீட்டில் சொன்னேன். மகள் தட்டில் பாதி சாதத்தை வைத்துவிட்டு எழுந்து போனாள். வரும்போது கையில் கணக்கு ரஃப் நோட்டு. கடைசிப் பக்கங்களைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். கட்டம் கட்டமாகத் தேதிகள், ஸ்கெட்ச் பேனாவில் பச்சை, மஞ்சள், சிவப்பு. பதினாலு மாதம். மேலே சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்: பச்சை, எதுவும் கேட்கலாம். மஞ்சள், சாப்பாடு பற்றி மட்டும் பேசலாம். சிவப்பு, ரூமில் இருக்கவும்.

"சாரிம்மா" என்றாள். யார் யாரிடம் சாரி சொல்வது! நான் எச்சில் கையோடு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் அந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு கிரகத்தின் பெயரும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

டாக்டரம்மா அந்த நோட்டை முதல் தேதியிலிருந்து கடைசி வரை விரல் வைத்துப் பார்த்தார். இருந்தாலும் இரண்டு மாதம் என் கையாலும் எழுத வைத்துவிட்டுத்தான் பெயர் சொன்னார்: பி.எம்.டி.டி. பீரியட்ஸுக்கு முன்னால் எல்லாருக்கும் வருகிற எரிச்சல் இல்லையாம், அதைவிடக் கடுமையான மனநிலைக் கோளாறாம். "உங்க ஹார்மோன் அளவுல கோளாறு இல்லை. அது ஏறி இறங்குறதை உங்க மூளை தாங்க மாட்டேங்குது. இது உங்க குணம் இல்லை, நோய்" என்றார். எனக்கு ஒரு மாத்திரை, மாதத்தின் பின்பாதியில் மட்டும். சிலருக்குத் தினமும் தருவார்களாம், சிலருக்கு வேறு மருந்தாம். வேளைக்குத் தூக்கம், காலையில் நடை. "மூளைக்கு மாத்திரையா?" என்று இழுத்த வீட்டுக்காரர்தான் இப்போது அதைத் தண்ணீரோடு கொண்டுவந்து நீட்டுகிறார். முதல் மாதம் குமட்டியது, கொட்டாவியாக வந்தது. இரண்டாவது மாதம் அளவை மாற்றினார். மூன்றாவது மாதம் அந்த வாரம் வந்தது, கொஞ்சம் சிடுசிடுத்தேன், போய்விட்டது. அவ்வளவுதான்!

ஆனால் மகள் உடனே மாறிவிடவில்லை. மாத்திரை என் மூளைக்குத்தானே, அவள் பயத்துக்கு இல்லையே. பேச வருவாள், என் முகத்தைப் படிப்பாள், பாதியில் விழுங்குவாள். நான் வலியச் சிரித்தால் இன்னும் மிரண்டாள். ஐந்தாறு மாதம் அப்படியே ஓடியது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்பாதி வாரம்தான், மாத்திரை நடந்துகொண்டிருந்தது. ஒரு கல்யாண பிளவுஸுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து, கொட்டிவாக்கத்தில் சிநேகிதி வீட்டில் தங்கப் போகிறேன் என்றாள். அந்த வீட்டில் பெரியவர்கள் ஊரில் இல்லை என்று எனக்குத் தெரியும். முடியாது என்றேன்.

"ஏன் முடியாது?"

"முடியாதுன்னா முடியாது."

"காரணம் சொல்லும்மா! நீ எப்பப் பாரு இப்படித்தான்! எல்லாரும் போறாங்க, நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?" இடுப்பில் கை, மூக்கு விடைத்திருக்கிறது, ஓரடிகூடப் பின்னால் நகரவில்லை. கத்து கத்து என்று கத்திவிட்டு, ரூமுக்குள் போய்ப் படாரென்று கதவைச் சாத்தினாள். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. வீட்டுக்காரர் காபி டம்ளரோடு ஓடிவந்து, "என்னாச்சு, என்னாச்சு?" என்றார்.

"என்னங்க, உங்க பொண்ணு என்கிட்ட சண்டை போடறா!" என்றேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, வாய் சிரித்தது, அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், கதவைத் தட்டி, நீ எவ்வளவு கத்தினாலும் முடியாதுதான்டி என்றேன். "போம்மா!" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.