தட்டிவிட்டுப் பிரிப்பவர்

எங்கள் தோட்டத்தின் பழைய எல்லைப் படம் தேடி, அமராவதி அணைப்பக்கம் ஓர் ஆவண அறைக்குப் போயிருந்தேன். அங்கே காகிதக் கட்டுகளை எடுத்துத் தந்தவர் ஒல்லியான மனிதர், இமைக்கவே மாட்டார். ஒரு கட்டை மட்டும் மூன்று முறை தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் நகர்த்தினார்.

"ஏனுங்க தட்டறீங்க?"

"வெள்ளக்காரங்க காலத்துத் தோல் யாவாரப் பதிவுங்க. புலி, சிறுத்தை, நீர்நாய், எல்லாம் இதுக்குள்ளதானுங்க இருக்குது. தூங்கறத திடீர்னு எழுப்பக்கூடாதுங்க."

சிரித்துக்கொண்டே திருப்பூர் திரும்பினேன். ஆனால் என் கம்பெனிக்கு, குளிர்காலச் சட்டைக்காக விலங்குத் தோல்போல் மெத்தென்றிருக்க மயிர் எழுப்பிய துணி மூட்டை வந்தால், இப்போது நானும் தட்டிவிட்டுத்தான் பிரிக்கிறேன்.

நேற்று வந்த மூட்டையைத் தட்டினேன். உள்ளே எதுவோ புரண்டு படுத்தது.

இன்னும் பிரிக்கவில்லை.