நான்காவது இலை

ஊர்ப் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். துளு நாட்டில், முல்கிக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம், நிமிடக் கணக்கு உட்பட, அன்று நடந்தபடியே சொல்கிறேன்.

ஜயகரனுக்கு நான் இரண்டாம் தாரம். எனக்கும் அது இரண்டாம் கல்யாணம். முதலாவது கோர்ட்டில் முடிந்தது. அவருடைய முதல் மனைவி லோலாட்சி ஆஸ்துமாவில் இறந்து இரண்டு வருஷம். மகள் மான்யாவுக்கு ஒன்பது வயது. நான் வந்து நான்கு மாதமாகியும் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பசித்தால் சுவரைப் பார்த்து, "பசிக்குது" என்பாள். ஒரே ஒரு தடவை கூப்பிட மாட்டாளா என்று ஏங்கிக் கிடந்தேன்.

ஆடி வந்தது. எங்கள் துளு வீடுகளில் அந்த மாதம் ஒருநாள் இறந்தவர்களுக்குப் படைப்போம். முறை சுலபம். ஆளுக்கு ஓர் இலை. அவரவருக்குப் பிடித்தது அவரவர் இலையில். விளக்கேற்றிவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, மூன்று முறை தட்டிவிட்டுத் திறக்க வேண்டும். நடுவில் திறக்கவே கூடாது.

எங்கள் வீட்டில் படைப்பது நெல் அறையில். அதன் கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் தாழ். முழ நீள இரும்புக் கம்பி, துருப்பிடித்தது. அதன் கைப்பிடிக் காதை முதலில் மேலே தூக்க வேண்டும். பிறகு திருப்ப வேண்டும். அப்புறம்தான் தள்ள முடியும், அதுவும் இரண்டு கையாலும். கூடத்துக் கடிகாரம் அந்தக் கதவுக்கு நேர் மேலே.

ஜயகரன் இலைகளை எண்ணினார்.

"மூணு போதும். அப்பா, அம்மா, மாமா."

"லோலாட்சிக்கு?"

"அவளுக்கு வேணாம்."

"ஏன்?"

"நாலு மாசத்துல இந்த வீட்டுச் சட்டமெல்லாம் படிச்சு முடிச்சிட்டியா? வேணாம்னா வேணாம்."

மான்யா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவர் நகர்ந்ததும், முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "அம்மாவுக்கு நீர்தோசை. கோழிக் குழம்பு. உப்பு கம்மியா."

அந்த ஒரு பேச்சுக்காக, அவர் கை கழுவப் போன நேரத்தில் நான்காவது இலையைப் போட்டேன்.

பகல் 1.10. அவர் உள்ளே எட்டிப் பார்க்காமலே கதவைச் சாத்தித் தாழ் போட்டார். மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். வெளியே அடைமழை.

1.14. உள்ளே இலை சரசரத்தது.

"பூனை," என்றார் ஜயகரன். "அதுக்கும் ஆடி விருந்து வேணுமாம்." சிரித்தார்.

பூனை மான்யாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

1.17. மூச்சுச் சத்தம். உய்ங்... உய்ங்... காற்று கிடைக்காமல் இழுக்கிற மூச்சு.

அவர் முகம் வெளுத்தது. "எத்தனை இலை போட்டே?"

நான் மான்யாவைப் பார்த்தேன்.

"கேக்குறேன்ல... எத்தனை?"

"நாலு," என்றாள் மான்யா.

பாய்ந்து எழுந்தார். "திறக்காதீங்க!" என்று கத்தினேன். கேட்கவில்லை. தாழை இழுத்துத் திறந்து உள்ளே போனார். இலையை வாரி எறியத்தான் போயிருப்பார்.

கதவு சாத்திக்கொண்டது.

1.20. என் கண்ணால் பார்த்தேன். தாழின் காது மேலே எழுந்தது. திரும்பியது. நகர்ந்தது...

டக்.

அதைத் தொட்ட கை எதுவும் இல்லை.

"திற! நளினி, திற!" உள்ளிருந்து கதவைக் குத்தினார். இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை.

உள்ளே இப்போது இரண்டு மூச்சு.

உய்ங்... உய்ங்...

என் கையை ஒரு சின்னக் கை பிடித்தது.

"பொறுங்க சின்னம்மா. அம்மா இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

சின்னம்மா... நான்கு மாதமாக நான் ஏங்கிய வார்த்தை.

உள்ளே ஒரு மூச்சு.

பிறகு அதுவும் இல்லை.

1.40. ஒரு விரலால் தொட்டேன். தாழ் வழுக்கிக்கொண்டு வந்தது.

நான்காவது இலையின் பக்கத்தில் அவர் கிடந்தார். இலையில் ஒரு விள்ளல்கூட மீதியில்லை.

"இவருக்கு ஆஸ்துமா ரொம்ப நாளா உண்டா?" என்று கேட்டார் டாக்டர். மழைக்கால ஆற்றை அக்கரைவரை நீந்துகிற மனுஷனுக்கு...

பதின்மூன்றாம் நாள் மான்யா சொன்னாள்.

"அம்மா செத்த அன்னிக்கு அவங்களுக்கு மூச்சு வரல. அப்பா சண்டை போட்டு, நெல் அறைக்குள்ள தள்ளித் தாழ் போட்டுட்டாரு. மூச்சு மருந்து அவரு சட்டைப் பையிலதான் இருந்துச்சு. 'திறங்கப்பா'ன்னு அழுதேன். 'பொறு'ன்னாரு. நான் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். இருபது நிமிஷம்."

போய்க் கதவின் உட்புறத்தைப் பார்த்தேன். அவர் நகம் பட்டு வர்ணம் பெயர்ந்திருந்தது. அந்த வர்ணத்துக்கு அடியில், மரத்தில், பழைய கீறல்கள். மெல்லிய விரல்களுடையவை.

இப்போது வீட்டில் நாங்கள் இருவரும்தான். மான்யா என்னிடம் ஒட்டுதலாகவே இருக்கிறாள். போன மாதம், வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று ஒரே ஒருமுறை குரலை உயர்த்தினேன்.

"மெதுவா பேசுங்க சின்னம்மா," என்றாள்.

அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன்.

தாழின் காது மேலே எழுந்து நின்றது.