இரண்டாவது வாஷர்

நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஃபிட்டர் என்றால் கொஞ்சம் மண்டைக்கனம் இருக்கும். எனக்கு அது அதிகமாகவே உண்டு. ஆள் குறுக்கே படுத்தாலும் இடம் மிஞ்சுகிற பெல்ட்டைப் பராமரிக்கிறவனுக்கு வீட்டு மிக்சி எம்மாத்திரம் என்று நினைப்பேன். மிக்சியும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தது. நான் கழற்றி மாட்டிய எந்தப் பொருளிலும் ஒரு ஸ்குரூவாவது மிஞ்சாமல் இருந்ததில்லை. "அது எக்ஸ்ட்ரா" என்பேன். என் மனைவி பாப்பா அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

இந்த லட்சணத்தில் ஒரு பழைய கார் வேறு வாங்கினேன். ஏசி கொஞ்ச நேரம் ஜோராக ஓடும். என்ஜின் சூடேறியதும் நின்றுவிடும்.

பாப்பாவுக்கோ ஒரே ஓர் ஆசை. திருச்சியில் இருக்கும் அவள் தங்கை கோமதி வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் நாங்கள் பஸ்ஸில்தான் போவோம். பட்டுப்புடவை கசங்கி, பூ வாடி, வியர்த்து வழிந்து இறங்குகிறவளை, "பஸ்ஸுலயாக்கா வந்தே?" என்று எல்லார் முன்னாலும் கோமதி கேட்பாள். கோமதி மகள் நிச்சயதார்த்தத்துக்காவது கசங்காமல் போய் இறங்க வேண்டும். வேறெதையும் பாப்பா என்னிடம் கேட்டதில்லை. கேட்டுப் பலனில்லை என்று தெரிந்திருக்கும்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல்நாள் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே வேலையை ஆரம்பித்தேன். கோளாறு இதுதான்: ஏசி கம்ப்ரசரின் கிளட்ச் தட்டுக்கும், என்ஜினோடு எப்போதும் சுற்றும் புல்லிக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். தேய்ந்து தேய்ந்து அது அகலமாகிவிட்டது. சூடானால் உள்ளே இருக்கும் காந்தத்துக்குத் தட்டை இழுக்கத் தெம்பில்லை. நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை உருவினேன். பின்னால் இடைவெளிக்கென்று மெல்லிசாக இரண்டு வாஷர்கள். ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினேன். இடைவெளி பார்க்கும் அளவுத் தகடு சிக்கென்று நுழைந்தது, கச்சிதம். அத்தோடு விட்டிருக்கலாம்.

சுரங்கத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம். பெல்ட்டை நிறுத்தி ஷட்டவுன் தருவது குதிரைக்கொம்பு. கிடைத்தால் அடுத்த ஷட்டவுன் வேலையையும் கையோடு முடித்துவிடுவோம். எப்படியும் இன்னும் தேயத்தானே போகிறது, இன்னொரு தடவை யார் கழற்றுவது என்று இரண்டாவது வாஷரையும் எடுத்துவிட்டேன். இடைவெளி அடியோடு போயிற்று.

"இனி ஜென்மத்துக்கும் கவலையில்ல" என்று பாப்பாவிடம் பீற்றிக்கொண்டேன்.

"மிச்சம் எதாவது இருக்கா?"

"ரெண்டு வாஷர். எக்ஸ்ட்ரா."

மறுநாள் மத்தியானம் கிளம்பினோம். விருத்தாசலம் வரை சொர்க்கம். வேப்பூர் தாண்டியதும் பாப்பா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "குளிருதுங்க, ஏசிய கொஞ்சம் அணைங்க" என்றாள். அணைத்தேன். குளிர் குறையவில்லை. சற்று நேரத்தில் உள்ளே ஐஸ் கட்டிக் காற்றே நின்றுபோனது. அப்புறம் பானெட்டுக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம், கருகல் வாடை. விலகி நிற்க நான் இடமே வைக்காததால், சுவிட்சை அணைத்த பிறகும் தட்டு புல்லியோடு ஒட்டிச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

நிழல் என்று சொல்ல முடியாத ஒரு கருவேல மரத்தடியில் காரை நிறுத்தி, சூடு ஆறும்வரை வெயிலில் நின்றோம். ஸ்பானர் டிக்கியில் இருந்தது.

"அந்த வாஷர் ஒண்ணு இருந்தா இப்பவே சரி பண்ணிடுவேன். எங்க போட்டேனோ!"

பாப்பா கைப்பையிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்துப் பிரித்தாள். மிக்சி ஸ்குரூ, ஃபேன் நட்டு, தையல் மெஷின் ஸ்பிரிங் என்று நான் எக்ஸ்ட்ரா என்று சொன்ன அத்தனையும் இருந்தன. மேலாக இரண்டு வாஷர்கள்.

"நீங்க ரிப்பேர் பண்ணா எடுத்து வச்சிக்கிறதுதான். எப்ப கேப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

வெட்கத்தில் பூமிக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. காருக்கு அடியில் புகுந்துகொண்டேன்.

பாப்பா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து செல்போன் வெளிச்சம் காட்டினாள். பட்டு மண்ணில் புரண்டது. ஒரே ஒரு வாஷரைப் போட்டு முடுக்கினேன். ஏசி போட்டால் ஓடியது, அணைத்தால் நின்றது. ஆனால் பாப்பாவின் தலையில் பூ துவண்டுவிட்டது, முகமெல்லாம் வியர்வை.

மண்டப வாசலில் கோமதி எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். சுற்றிலும் சம்பந்தி வீட்டார்.

"என்னக்கா, பஸ்ஸுலயா வந்தே?"

கிரீஸ் சட்டையோடு நான் தலைகுனிந்தேன்.

"கார்லதான்டி வந்தோம். அத்தான் ஏசி ரிப்பேர் பண்ணாரு, குளிரு தாங்கல. எறங்கி வெயில்ல நின்னுட்டு வர்றோம்" என்றாள் பாப்பா.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நானும் தலையை நிமிர்த்தி, ஆமாம் என்று ஒத்து ஊதினேன்.