கர்னலின் கொடிக்கம்பத்தில் என் பை

நெதர்லாந்தின் கடலோர ஊரான எங்கள் டென் ஹெல்டரில் காற்றுக்கு வாய் நீளம். அதையும் அடக்கும் குரல் ஊரில் ஒன்றுதான் இருக்கிறது, லெப்டினன்ட் கர்னல் சீட்சே ரோர்டாவுடையது.

பதினேழு வயதில் பள்ளியை விட்டு ஓடி, மரைன் படையில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்தவர். நார்வே பனியில் குழி வெட்டித் தூங்கினார். குராசாவ் வெயிலில் தோலுரிந்தார். கம்போடியாவில் கொசுக்களுக்கு ரத்த தானம் செய்தார். தோளில் பட்டை கூடிக்கொண்டே போய், ஒரு பட்டாளத்துக்கே தலைவராகி ஓய்வு பெற்றார்.

இத்தனை இருந்தும் ஒரு குறை. பள்ளி இறுதித் தேர்வில் தேறினால் வாசலில் கொடியேற்றி, கம்ப நுனியில் புத்தகப் பையைத் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். அவர் வீட்டுக் கம்பத்தில் மகள்கள் இருவரின் பைகளும் தொங்கியிருக்கின்றன. அவருடையது தொங்கியதில்லை.

அதற்காகவே அறுபத்திரண்டு வயதில், படிப்பை விட்டவர்களுக்கான வகுப்பில் வந்து சேர்ந்தார். இரண்டு பள்ளிகள் வெளியே தள்ளிய எனக்குப் பக்கத்து நாற்காலி. முதல் நாள் கைப்பர் டீச்சர் நுழைந்ததும் கர்னல் விறைப்பாக எழுந்து நின்றார். இங்கே இதுதான் சட்டம் என்று நான் பின்வரிசையில் கிளப்பிவிட்டேன். ஒரு வாரம் மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. டீச்சர் தனக்கு ஏதோ விருது கிடைத்திருப்பதாக நினைத்துவிட்டார்.

கணக்குதான் கர்னலுக்கு எமன். ஒளிந்திருக்கும் எதிரியைக்கூடப் பிடித்துவிடலாம், இந்த எக்ஸைப் பிடிக்க முடியவில்லை என்று புலம்புவார். புலம்பிக்கொண்டே உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய் டப்பாவை என் பக்கம் தள்ளுவார்.

முடிவு வரும் நாளில் தோற்றவர்களுக்கு மட்டும்தான் டீச்சர் போன் செய்வார். இரண்டு மணி வரை போன் அடிக்காவிட்டால் தேர்ச்சி. அதனால் பரீட்சை எழுதியவர் வீட்டுக்கு அதற்குமுன் அத்தைகள்கூடப் போன் செய்ய மாட்டார்கள்.

என் போன் ஒன்றரைக்கே அடித்தது. கணக்கில் மறுதேர்வு. அம்மா வேலையில் இருந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. விரல் தானாகக் கர்னல் வீட்டு எண்ணை அழுத்தியது. எடுக்கவில்லை. இன்னும் இரண்டு முறை அடித்தேன். பிறகுதான் உறைத்தது, மணி இன்னும் இரண்டாகவில்லை. சைக்கிளை எடுத்து எதிர்க்காற்றில் மிதித்தேன்.

சமையலறையில் உட்கார்ந்திருந்தார். சுவர் போன் மேல் ஒரு தலையணையைக் கட்டிவைத்திருந்தார். கொடி மடித்தபடி மேசையில் கிடந்தது.

"கர்னல், மூணு தடவையும் போன் அடிச்சது நான்தான்."

"நீயா?"

"நான் ஃபெயில். அதச் சொல்லத்தான் அடிச்சேன்."

கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டைத் தாண்டியிருந்தது. தலையணையை அவிழ்த்தார். போன் சும்மா இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அதையே முறைத்தார்.

"குண்டு விழுந்தப்பக்கூட நான் இப்படிப் பதுங்குனதில்லடா."

"தலகாணியப் பாத்தேன். வெளிய சொல்ல மாட்டேன்."

"சொன்னா தொலைச்சிருவேன்."

கொடி ஏறியது. ஆனால் அவரிடம் புத்தகப் பையே இல்லை. வருஷம் முழுக்கக் கடைப் பையில்தான் புத்தகம் கொண்டுவந்தார். பழைய படைமூட்டையைத் தொங்கவிட்டோம். கம்பம் தூண்டில்போல வளைந்தது. அவர் கண் என் தோளுக்கு வந்தது. மண்டையோட்டுப் படம் ஒட்டிய என் கிழிசல் பையைக் கழற்றி, புத்தகங்களை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கொடுத்தேன். அதைத் தொங்கவிட்டுவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி சல்யூட் வைத்தார். நான் பார்க்காத மாதிரி செருப்பைப் பார்த்தேன்.

சாயங்காலம் அம்மா மூச்சிரைக்க வந்து நின்றாள். கையில் பெரிய கேக். வேலை முடிந்து வரும் வழியில் கம்பத்தைப் பார்த்துவிட்டுக் கேக் வாங்க ஓடியிருக்கிறாள். அந்த மண்டையோட்டை அவளுக்குத் தெரியாதா? அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் நான் மறுபடி செருப்பைப் பார்த்தேன்.

கர்னல்தான் வாயைத் திறந்தார்.

"பை அவனோடது, பாஸானது நான். கேக்கை ஃப்ரீசர்ல வைங்க, ஹில்லி. மறுதேர்வு முடிஞ்சதும் வெட்டுவோம். அதுவரைக்கும் அந்தப் பை இங்கதான் இருக்கும். டேய், புத்தகத்த எடுத்துக்க."

அவருடைய கடைப் பையை என்னிடம் நீட்டினார்.